ஸ்பீக்கரைக் குறைக்கச் சொன்னவர் சாமிக்கு எதிரி இல்லை

நான் ஒரு சட்டத்தரணி. கோயில் ஸ்பீக்கர் சத்தம் பற்றி என்னிடம் வருகிற முறைப்பாடு இந்த வருடம் இது மூன்றாவது. போன கிழமை அறுபது வயது தாண்டிய ஒரு அம்மா என்னைப் பார்க்க வந்தார் (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்). கணவர் பாரிசவாதத்தில் படுக்கை. மதிலுக்கு அங்கால் கோயில். திருவிழா தொடங்கினால் விடிய நாலரைக்கே கூம்பு ஸ்பீக்கர் போட்டுவிடுவார்கள், இரவு பதினொன்றுக்கும் நிற்காது. நிர்வாக சபையிடம் இரண்டு தரம் கெஞ்சிப் பார்த்துவிட்டுப் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒழுங்கையில் ஒருவரும் அவரோடு கதைப்பதில்லை. அவர்கள் குடும்பம் பரம்பரையாகச் செய்துவந்த திருவிழா உபயத்தை இந்த முறை வாங்க மறுத்துவிட்டார்கள். "வேதத்துக்கு மாறிட்டாவோ?" என்றும், அதாவது கிறிஸ்தவத்துக்கு மாறிவிட்டாரா என்றும், கேட்டார்களாம்.

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, நான் பாவம் செய்துபோட்டனோ?" என்பதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் பெரிய சிக்கல் இல்லை, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பாக வந்த வழக்கில் 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த கட்டளைப்படி, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அனுமதி கொடுக்கக்கூடாது. பகலிலும் சத்தம் அந்த வளவைத் தாண்டக்கூடாது. விசேட நாட்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அயலில் இருப்பவர்களின் கருத்தைக் கேட்ட பிறகுதான். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், விகாரை எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல். இலங்கை மதச்சார்பற்ற அரசு என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது, அரசியலமைப்பின் 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்திருக்கும்போதும்கூட.

இந்த "மதச்சார்பற்ற" என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுடைய ஆட்களுக்கு வருகிற பதற்றம்தான் எனக்குத் தாங்க முடியாத விஷயம். மதச்சார்பின்மை என்றால் நாத்திகம் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். நாத்திகம் ஒருவருடைய நம்பிக்கை பற்றியது. மதச்சார்பின்மை பொலிஸும் நீதிமன்றமும் பாடசாலையும் பிரதேச சபையும் எப்படி நடக்க வேண்டும் என்பது பற்றியது. விடிய எழும்பிக் குளித்துத் திருநீறு பூசித் தேவாரம் பாடுகிற ஒருவர் முழுமையான மதச்சார்பின்மைவாதியாக இருக்கலாம், நான் அப்படிப் பலரை அறிவேன். அவர் கேட்பதெல்லாம், என் சாமிக்கு உள்ள இடம் உன் சாமிக்கும் இருக்கட்டும், சாமியே வேண்டாம் என்பவருக்கும் அதே இடம் இருக்கட்டும் என்பதுதான். 10ஆவது உறுப்புரையும் அதைத்தான் சொல்கிறது. சிந்தனைச் சுதந்திரம், மனச்சாட்சிச் சுதந்திரம், மதச் சுதந்திரம், மூன்றும் எல்லோருக்கும்.

சமயம் இல்லாவிட்டால் மனிதன் ஒழுக்கமாக இருப்பானா என்று அடுத்துக் கேட்பார்கள். நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மனச்சாட்சி இடம் தராதவர் கடவுள் பெயர் சொல்லாமல் உறுதியுரை செய்யலாம், அந்த ஏற்பாடு 1895ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. இந்த இரண்டு பேரில் யார் பொய் சொன்னாலும் தண்டனை ஒன்றுதான். சாட்சிக் கூண்டை இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், நெற்றி நிறையத் திருநீறோடு வந்து பொய் சொன்னவரும் உண்டு, கோயில் பக்கமே போகாமல் தன் சொந்த அண்ணனுக்குப் பாதகமான உண்மையைச் சொன்னவரும் உண்டு, மறுபக்கமாக நடந்ததும் உண்டு. நெற்றியைப் பார்த்து நாணயத்தை அளக்க முடியாது.

கோயில் வாசலிலேயே அநியாயம் நடந்த ஊர் எங்களுடையது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்ட சாதி மக்களை உள்ளே விடாமல் மறித்தவர்கள் பக்தியின் பெயரில்தான் மறித்தார்கள். அவர்களுக்கு எதிராக நின்றது 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம். அதற்கும் முன்னால், 1920களிலேயே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதி, சமய வேறுபாட்டுக்கு எதிராகப் பேசியது. பிறகு, கிறிஸ்தவரான தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தை சைவர்கள் நிறைந்த காங்கேசன்துறைத் தொகுதி திரும்பத் திரும்பத் தெரிவு செய்தது. ஆகவே இது எங்கோ வெளியிலிருந்து வந்த சரக்கு என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

யாழ்ப்பாணத்துத் தையிட்டியில் தனியார் காணியில் பௌத்த விகாரை எழுந்ததை எதிர்த்து நாங்கள் கேட்பதும் இதே சமத்துவத்தைத்தான். அரசிடம் அதைக் கேட்டுக்கொண்டு, மதிலுக்கு இங்கால் இருக்கிற நோயாளிக்கு மறுப்பது எப்படிச் சரியாகும்?

இப்படி ஒரு சிக்கலில் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் நிர்வாக சபையோடு நேரில் கதையுங்கள், பிறகு கடிதமாகக் கொடுத்துப் பிரதியை வைத்திருங்கள். எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று கொப்பியில் எழுதுங்கள், "எந்த நேரமும் சத்தம்" என்ற முறைப்பாடு நிற்காது. பொலிஸில் கொடுத்தால் முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். அதிலும் நடக்காவிட்டால் பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். வயரை வெட்டாதீர்கள், வெட்டினால் வழக்கில் குற்றம் சாட்டப்படுபவர் நீங்கள்தான். முக்கியமாக, ஆத்திரத்தில் முகநூலில் சமயத்தைத் திட்டி எழுதாதீர்கள். மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தில் (ICCPR சட்டம்) மாட்டினால் நீதவான் பிணை தர முடியாது, மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 2019இல் ஒரு சிறுகதைக்காக எழுத்தாளர் சக்திக சத்குமார நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அந்தச் சட்டம் அப்படிப் பயன்படுத்தப்படுவது பிழை, ஆனால் அதைச் சொல்லி உங்களை அன்றிரவே வெளியே எடுக்க என்னால் முடியாது.

நிர்வாக சபையில் இருக்கிற ஐயாமாருக்கு ஒரு வேண்டுகோள். ஸ்பீக்கரை வீதிப் பக்கம் கட்டாமல் உள் மண்டபத்தைப் பார்க்கத் திருப்புங்கள். தேவாரம் கேட்க வந்தவர் உள்ளேதானே இருக்கிறார். முறைப்பாடு கொடுத்தவரின் உபயத்தைத் தயவுசெய்து பறிக்காதீர்கள்.

அந்த அம்மா நான் எழுதிக்கொடுத்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். எழும்பும்போது, தீர்த்தத்துக்குத் தான் போகலாமோ, யாரும் ஏதும் சொல்லுவினமோ என்று கேட்டார். "அது உங்கட கோயிலும்தான் அம்மா, போங்கோ" என்றேன்.