தூளிப் புடவை ஏன் அவ்வளவு மென்மையாக இருக்கிறது?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். தானும் தம்பியும் பாட்டியின் கண்டாங்கிப் புடவையில் கட்டிய தூளியில்தான் வளர்ந்ததாகவும், இப்போது தன் மகளுக்கும் அதையே கட்டியிருப்பதாகவும், அதே கட்டம் போட்ட புதுப்புடவையை வாங்கிப் பார்த்தால் அது பாய்போல் விறைத்து நிற்பதாகவும் சொல்லி, இத்தனை ஆண்டுகள் ஒரு புடவைக்குள் அப்படி என்னதான் செய்திருக்கும் என்று கேட்கிறார்.

பருத்தி என்பது பெரும்பாலும் செல்லுலோஸ் என்று பள்ளியில் படித்திருப்போம். ஒவ்வோர் இழையும் விதைத்தோலில் முளைத்து நீண்ட ஒற்றைச் செல். காய் வெடித்ததும் அது உலர்ந்து தட்டையாகி, முறுக்கிய நாடாபோல் ஆகிவிடுகிறது. இவ்விழைகளை நூற்று, தறியில் அறுந்துபோகாமலிருக்கப் பாவுக்கு, அதாவது நீளவாட்டில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போட்டு, இழுத்துக் கட்டி நெய்கிறார்கள். முதல் சில சலவைகளில் கஞ்சி போய்விடும், பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் தறியின் இழுவையிலிருந்து விடுபட்டுச் சற்று நெகிழும்.

சுவையான பகுதி இதற்குப் பிறகுதான். கஞ்சியே காணாத துண்டுகூடக் கொடியில் காய்ந்ததும் அப்பளம்போல் விறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் சலவைப் பொருள்கள் தயாரிக்கும் காவோ நிறுவனமும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் காட்டும் காரணம் தண்ணீர். துணி காய்ந்துவிட்டது என்று நாம் மடித்து வைக்கும்போதும் செல்லுலோஸின் மேற்பரப்பில் சிறிது நீர் பிடித்துக்கொண்டிருக்கிறது. சாதாரண நீரைப்போல் நடந்துகொள்ளாத அந்த நீர், அடுத்தடுத்த இழைகளுக்கு நடுவே நின்று அவற்றைப் பசைபோல் ஒட்டவைக்கிறது. அதாவது, தண்ணீரே கஞ்சியாகிவிடுகிறது! துணியைக் கசக்கினாலோ உடுத்தி நடந்தாலோ அந்த ஒட்டு விட்டுப்போகும், அடுத்த சலவையில் மறுபடி உண்டாகும். துண்டு ஏன் விறைக்கிறது என்பதை மெல்லிய ஊசிமுனையால் பரப்பைத் தடவி அறியும் அணுவிசை நுண்ணோக்கி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தறிச்சத்தம் கேட்கும் ஊர்கள் இத்தனை உள்ள நம் நாட்டில் இக்கேள்விக்கு நிதி கேட்டுப் போனால், ‘இதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா?’ என்றுதான் கேட்பார்கள் என்பது என் எண்ணம்.

இந்த ஒட்டலும் விடுதலும் போக, மீளாத மாற்றம் ஒன்றும் நடக்கிறது. நனையும்போது இழை ஊதுகிறது, காயும்போது சுருங்குகிறது, துவைகல்லில் உராய்கிறது. குட்டையான இழைகள் ஒவ்வொன்றாக உதிர, நூல் மெலிகிறது, மெலிந்த நூல் எளிதில் வளைந்து கொடுக்கிறது. வெயிலோ செல்லுலோஸின் நீண்ட சங்கிலிகளையே துண்டாக்குகிறது. நாம் தொட்டு மகிழும் மென்மை, பாட்டி உடுத்திய நாள்களில் அந்தப் புடவை இழந்தவற்றின் கணக்குத்தான்.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, திருஷ்டி படும் என்பார்கள். திருஷ்டியில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் பழக்கத்தில் குறை காணமாட்டேன். புதுத்துணியில் கஞ்சியும் ஒட்டாத சாயமும் இருக்கலாம், சுருக்கம் விழாத பருத்தித் துணிகள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு கலந்த பிசினும் உண்டு.

வாசகிக்கு ஒரு வார்த்தை. புடவையை எடுத்து வைக்கும்போது கஞ்சி போடாதீர்கள், இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. மடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப மடிக்கவும் வேண்டாம். தூளி கட்டுமுன் இரு கையாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். நூல் விடும் சத்தம் கேட்டால், இனி அதைக் குழந்தைக்கு விரிப்பாக மட்டும் போடுங்கள்.