நூறு சதவீத உழைப்பு, அரை எம்.பி. வேகம்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பன்னிரண்டு வருடப் பழைய கணினி. திறக்கவே ஏழு நிமிடம் ஆகிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டுகிறது. வேகமோ நொடிக்கு அரை எம்.பி.கூட இல்லை. வைரஸா?”

இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் என் சந்தேகம் வேறு பக்கம் போகிறது. 100 சதவீதம் என்பது எவ்வளவு வேலை நடந்தது என்பதைச் சொல்வதில்லை. டிஸ்க் ஓயவே இல்லை என்று மட்டும் சொல்கிறது.

ஹார்டு டிஸ்குக்குள் காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது, கரத்தின் நுனியில் உள்ள முனை படிக்கிறது. இது தெரிந்த கதை. தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழன்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. கரம் தடத்தைத் தேடிப் போக ஏறக்குறைய 9, வேண்டிய துண்டு முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று. ஆக, நொடிக்கு எழுபத்தைந்து தாவல்தான். தாவலுக்கு 4 கே.பி. வீதம் எடுத்தால் 300 கே.பி.! வரிசையாகப் படித்தால் 100 எம்.பி. தரும் அதே டிஸ்க், சிதறிய கோப்புகளுக்காக ஓடும்போது இப்படி ஆகிவிடுகிறது. ஆரோக்கியமான டிஸ்குக்கும் இதுதான் கதி.

ஆனால் அரை மணி நேரம் கழித்தும் ஓயவில்லை, ‘சராசரி மறுமொழி நேரம்’ ஆயிரக்கணக்கான மில்லி நொடி என்றால், அங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் தொடங்குகிறது.

டிஸ்கில் ஒவ்வொரு துண்டோடும் ஒரு திருத்தக் குறியீடு எழுதப்பட்டிருக்கும். சில பிட்டுகள் பிசகினால் அதை வைத்தே சரிசெய்துகொள்ளும். பிசகு அதிகமானால்? டிஸ்க் கைவிடுவதில்லை. ஒரு சுற்று காத்திருந்து மறுபடி படிக்கிறது. வரவில்லையா, முனையைத் தடத்திலிருந்து இம்மியளவு இடப்பக்கம் நகர்த்திப் பார்க்கிறது, பிறகு வலப்பக்கம். சமிக்ஞையைப் படிக்கும் விதத்தையும் மாற்றிப் பார்க்கிறது. மங்கிய கடிதத்தை ஜன்னலோரம் சாய்த்துச் சாய்த்துப் படிக்கும் தாத்தாவைப் போல. நூறு முயற்சி என்றால் ஒரு நொடி போய்விடும். சில டிஸ்குகள் பல நொடிகள்கூட மல்லுக்கட்டும். அதுவரை விண்டோஸ் கைகட்டிக் காத்திருக்கும். நாம் ரெஃப்ரெஷை அழுத்திக்கொண்டிருப்போம். அது திரையிலுள்ள படங்களை மறுபடி வரைவதோடு சரி. நம் ஊரில் பூனை குறுக்கே போவதை நம்பாதவர்கள்கூட இதை நம்புகிறார்கள்!

அந்த முனைக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. 1988இல் ஆல்பெர் ஃபெர்ட், பீட்டர் குருன்பெர்க் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் தனித்தனியே மெல்லிய இரும்பு, குரோமிய அடுக்குகளின் மின்தடையை ஆராய்ந்தார்கள், காந்தப்புலம் பட்டால் அது வெகுவாக மாறுவதைக் கண்டார்கள். 1997இல் அந்த விளைவு ஐ.பி.எம். டிஸ்குகளின் முனைக்குள் வந்தது. 2007இல் நோபல் பரிசு. “இதனால் என்ன பயன்?” என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நிதிக்குழுவிடம் அவர்கள் விண்ணப்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

என் பழைய கணினியில் புகைப்படக் கோப்புறையைத் திறந்தால் மவுஸ் உறைந்துவிடும். கேபினெட்டில் காதை வைத்தால் ‘டிக்… டிக்…’. பழுதுபார்ப்பவர் ஃபார்மட் செய்யலாம் என்றார். நான் டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தேன். 05 என்ற வரி, மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட துண்டுகள்: 0. சி5 என்ற வரி, படிக்க முடியாமல் நிலுவையில் உள்ளவை: 18. அது பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாகக் கொண்ட பதினறும எண். நம் கணக்கில் 24.

சி5 பூஜ்ஜியமாக இல்லையென்றால் முதல் வேலை, வேண்டியதை வேறு டிஸ்குக்கு நகலெடுப்பது. சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் வேண்டாம், நலிந்த டிஸ்கை அது இன்னும் அலைக்கழிக்கும். எண்கள் சுத்தமாக இருந்தும் மெதுவென்றால் சிப்புகளில் சேமிக்கும் ஒரு எஸ்.எஸ்.டி. போடுங்கள், அதில் கரமும் இல்லை, சுற்றும் இல்லை, தாவலுக்கு 0.1 மில்லி நொடி போதும்.

என் டிஸ்கை நகலெடுக்க ஒரு இரவு முழுக்க ஆயிற்று. இரண்டு புகைப்படங்கள் கடைசிவரை வரவில்லை. மூன்றாவதில் பாதி வந்தது: மேலே வானம், கீழே சாம்பல் நிறம்.