விவசாயி தன் சிட்டையை மட்டும் பார்க்க: பிரவுசருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே எத்தனை பூட்டு?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை என்று வைத்துக்கொள்வோம். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து மல்லி அனுப்பும் விவசாயிகள் தங்கள் எடையையும் கிடைத்த விலையையும் செல்போன் பிரவுசரில் பார்க்க ஒரு பக்கம் செய்கிறார்கள். கணக்கு முழுவதும் எங்கோ ஒரு சர்வரில், போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்ற டேட்டாபேஸில் இருக்கிறது. ஒருவர் சிட்டை, அதாவது எடை-விலைக் கணக்கு, இன்னொருவர் கண்ணில் படக் கூடாது.

பிரவுசருக்குப் போகும் ஜாவாஸ்கிரிப்டை எஃப்12 தட்டி யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதனால் டேட்டாபேஸ் கடவுச்சொல்லை அதில் எழுதவே கூடாது. போஸ்ட்கிரெஸ் வழக்கமாகக் கேட்கும் 5432 என்ற போர்ட்டுக்கு (சர்வரின் இணைப்பு வாசல்) பிரவுசரால் நேராகப் பேசவும் முடியாது. அதற்குத் தெரிந்தது ஹெச்டிடிபி, வெப்சாக்கெட் போன்ற இணைய நெறிமுறைகள்தான். எனவே நடுவில், பிரவுசரின் கோரிக்கையை வாங்கி டேட்டாபேஸிடம் கேட்டுப் பதில் தரும் ஒரு ஏபிஐ நிரல் வேண்டும். கடவுச்சொல் அதனிடம் மட்டும் இருக்கட்டும். 5432-ஐ ஃபயர்வாலில் அடைத்து, அந்த நிரலுக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

கார்ஸ் (CORS) என்ற அமைப்பைப் பலர் காவல்காரன் என்று நம்பிவிடுகிறார்கள். வேறொரு தளத்தின் பக்கம் உங்கள் ஏபிஐ தரும் பதிலைப் படிக்கலாமா என்பதைப் பிரவுசர் அதை வைத்து முடிவு செய்கிறது, அவ்வளவுதான். பிரவுசரே இல்லாமல் கர்ல் போன்ற கருவியால் கேட்பவரை அது தடுக்காது. சாதாரணக் கோரிக்கைகள் சர்வருக்குப் போய் வேலையும் முடிந்துவிடும்; பதில் மட்டுமே மறைக்கப்படும். அனுமதி இல்லாத கோரிக்கையை ஏபிஐதான் நிராகரிக்க வேண்டும்.

விவசாயி லாகின் செய்ததும் சர்வர் கையொப்பமிட்ட டோக்கன் (அடையாளச் சீட்டு) ஒன்று கிடைக்கிறது. அதற்குள் இருப்பதை எவரும் பிரித்துப் படிக்கலாம். மாற்றினால் கையொப்பம் பொருந்தாது. அதனால் அதில் ரகசியம் எதுவும் வேண்டாம், விவசாயி எண்ணும் காலாவதி நேரமும் போதும். முக்கியமாக, எண்ணை டோக்கனிலிருந்துதான் எடுக்க வேண்டும். இணைய முகவரியில் வரும் எண்ணை நம்பினால், 41-ஐ 42 ஆக்கிப் பார்ப்பவருக்கு அடுத்தவர் கணக்கு திறந்துவிடும்.

அசல் பூட்டு டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கிறது. 2016 ஜனவரியில் வந்த போஸ்ட்கிரெஸ் 9.5 முதல் ரோ லெவல் செக்யூரிட்டி, அதாவது யார் எந்த வரியைப் பார்க்கலாம் என்று டேட்டாபேஸே தீர்மானிக்கும் வசதி, உண்டு. சிட்டை அட்டவணையில் அதை இயக்கியதும், பாலிசி (அனுமதி விதி) எழுதும்வரை சாதாரணப் பயனருக்கு ஒரு வரிகூடத் தெரியாது. பிறகு 'வரியில் உள்ள விவசாயி எண், இப்போது கேட்பவரின் எண்ணுக்குச் சமமா?' என்று பாலிசி எழுதுகிறோம். ஏபிஐ நிரலில் எங்காவது, எந்த வரிகள் வேண்டும் என்று சொல்லும் 'வேர்' (WHERE) நிபந்தனை விட்டுப்போனாலும் அடுத்தவர் வரி வெளியே வராது. ஆனால் அட்டவணையின் உரிமையாளருக்கும் எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசருக்கும் பாலிசி பொருந்தாது. உரிமையாளரை 'ஃபோர்ஸ்' (FORCE) போட்டுக் கட்டுப்படுத்தலாம், சூப்பர்யூசரை முடியாது. எனவே ஏபிஐக்கு இரண்டும் இல்லாத தனிப் பயனரைக் கொடுங்கள். எல்லாம் எழுதியும் எல்லா வரியும் தெரிகிறதே என்றால், முதலில் எந்தப் பயனரில் நுழைந்திருக்கிறோம் என்று பாருங்கள்.

கேட்பவரின் எண்ணை டேட்டாபேஸுக்குச் சொல்லும் இடத்தில்தான் ஆபத்தான தவறு நடக்கிறது. டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்தபடியே ஒரு தொகுப்பாக (பூல்) வைத்து, கோரிக்கைகளுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவோம். வெறும் 'செட்' (SET) கட்டளையால் எண்ணை வைத்தால், அது இணைப்போடு ஒட்டிக்கொண்டுவிடும். அடுத்து அதே இணைப்பைப் பெறும் கோரிக்கை எண்ணை மாற்றாமல் ஓடினால், முந்தைய விவசாயியின் சிட்டை இவர் திரையில் வந்து நிற்கும். தனியாகச் சோதிக்கும்போது இது தெரியாது. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் விலை பார்க்கும்போதுதான் வெளிப்படும். ஒவ்வொரு கோரிக்கையையும் டிரான்சாக்ஷனுக்குள் (ஒரே தொகுதியாக முடியும் டேட்டாபேஸ் வேலை) வைத்து, 'செட் லோக்கல்' (SET LOCAL) என்று கொடுத்தால் முடிந்ததும் எண் போய்விடும். போன பிறகு சில சமயம் அது நல் (NULL, மதிப்பே இல்லாத நிலை) ஆகாமல் வெற்று உரையாக நிற்கும். அதை எண்ணாக மாற்றப்போனால் பிழை வரும். பாலிசியில், வெற்று உரையை NULL ஆக்கும் 'நல்இஃப்' (NULLIF) சேர்த்தால் சரியாகிவிடும்.

மாத மொத்தம் காட்ட வியூ (அட்டவணைபோல் பயன்படும், சேமித்து வைத்த கேள்வி) எழுதினால் இன்னொரு ஓட்டை. வியூ சாதாரணமாக அதை உருவாக்கியவரின் உரிமையில் ஓடும். அவர் பாலிசிக்குக் கட்டுப்படாதவர் என்றால் எல்லோருடைய மொத்தமும் கொட்டிவிடும். 2022 அக்டோபரில் வந்த போஸ்ட்கிரெஸ் 15-இல் வியூவைக் கேட்பவரின் உரிமையிலேயே ஓட்டும் 'செக்யூரிட்டி இன்வோக்கர்' என்ற அமைப்பு இதற்கென்றே இருக்கிறது.

சோதிப்பதற்கு இரண்டு விவசாயிகளின் டோக்கன் போதும். ஒருவர் டோக்கனை வைத்து மற்றவரின் சிட்டையைக் கேளுங்கள். வெற்றுப் பட்டியல் வர வேண்டும். பிறகு மற்றவர் எண்ணைப் போட்டுப் புது வரி சேர்த்துப் பாருங்கள். பாலிசி மீறல் என்று டேட்டாபேஸே மறுக்க வேண்டும்.