காமவெறிக் கொலையா?

குற்ற உளவியல் கட்டுரை ஒன்றின் மொழிபெயர்ப்பைத் திருத்தித் தரச் சொன்னார்கள். ‘செக்‌ஷுவல் ஹோமிசைட்’ என்ற ஆங்கிலத் துறைச்சொல் வந்த இடமெல்லாம் ‘காமவெறிக் கொலை’. 17 இடம், எண்ணினேன்.

இந்தக் கருத்தின் வேர் ‘லுஸ்ட்மோர்ட்’ என்ற ஜெர்மன் சொல். 1886இல் வந்த மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங்கின் நூல் அதை மருத்துவ உலகில் பரப்பியது. ‘லுஸ்ட்’ என்றால் இச்சை, இன்பம் இரண்டும், ‘மோர்ட்’ கொலை. அவ்வளவுதான்.

நம்மவர் அதில் வெறியை எங்கிருந்து கொண்டுவந்தார்கள்? சங்கப் பாட்டின் வெறியாட்டில் வேலன் என்ற பூசாரி முருகன் ஏறி ஆடுவான், ஆடுவது அவனல்ல. குடிவெறி, வெறிநாய், எதை எடுத்தாலும் தன்வசம் இழந்த நிலைதான். இந்தக் கொலையாளிகளில் பலரோ ஆண்டுக்கணக்கில் மனத்துக்குள் ஒத்திகை பார்த்தவர்கள். இடம் பார்த்து, ஆள் பார்த்து, தடயத்தை அழித்துவிட்டுப் போகிறவர்கள். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரத்துக் கொலைகாரன் பீட்டர் கியூர்டன் அண்டை வீட்டாருக்கு மரியாதையான மனிதர். மருத்துவர்கள் சோதித்துப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஒன்பது கொலைகளுக்காக 1931இல் தலை வெட்டப்பட்டது. தன்வசத்தில் இருந்தானா என்பதுதான் வழக்கே. ‘வெறி’ என்று எழுதுகிறவர் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறார், அதுவும் குற்றவாளிக்குச் சாதகமாக!

இன்னொரு கோளாறு. வன்புணர்ந்தவன் சாட்சியை ஒழிக்கக் கொல்வது வேறு. கொல்வதிலேயே கிளர்ச்சி அடைகிறவன் வேறு. உளவியலாளர் இவர்களைப் பிரித்துப் பார்க்கப் படாதபாடு படுகிறார். செய்தித்தாள் வாசத்தோடு வரும் ‘காமவெறி’ எல்லாரையும் ஒரே சாக்கில் கட்டுகிறது.

‘இன்பக் கொலை’ என்றார் ஒரு நண்பர். யாருக்கு இன்பம்? ‘கௌரவக் கொலை’யில் பட்டது போதாதா? கொன்றவனின் கண்ணால் பார்த்த சொல் என்றுதானே அதை ‘ஆணவக் கொலை’ ஆக்கினோம்.

ஆதாயக் கொலை என்று காவல்துறை எழுதுகிறதே, நோக்கத்தை மட்டும் சொல்லும் சொல், அந்த வார்ப்பு போதும்: பாலியல் நோக்கக் கொலை. சப்பென்று இருக்கிறது, தெரியும். துறைச்சொல்லுக்கு உப்பும் உறைப்பும் எதற்கு?

‘சைக்கோ’வைப் பற்றிப் பேசவே வேண்டாம். மாயக்குரல் கேட்கும் நோயாளியும், கேட்காமலே நிதானமாகக் கொல்கிறவனும் நமக்கு ஒரே சைக்கோ.

17 இடத்திலும் அடித்துத் திருத்தி அனுப்பினேன். ஒன்றுவிடாமல் ஏற்றுக்கொண்டார்கள். தலைப்பு மட்டும் அச்சில் புதிதாக இருந்தது: ‘சைக்கோக்களின் மனசுக்குள்ளே!’