மஸ்கரின் ஏற்பி: ஈயால் வந்த பெயர்

சிங்கப்பூரில் கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளுக்கு இரவில் அட்ரோபின் சொட்டு மருந்து விடும் வீடுகள் நிறைய. செங்காங்கில் என் தங்கை வீட்டிலும் அப்படித்தான். 0.01 விழுக்காடு என்ற நீர்த்த அளவே பலன் தரும் என்று காட்டிய ஆய்வும் இங்கே நடந்ததுதான். போன வாரம் மருந்துத்தாளைப் படித்துவிட்டுத் தங்கை கேட்டாள்: "அண்ணே, மஸ்கரினிக் ரிசெப்டரைத் தடுக்கும்னு போட்டிருக்கு. மஸ்கரினிக்னா மசில்தானே? இதயமும் மசில்தானே?"

பலருக்கும் இப்படித்தான் கேட்கிறது. ரிசெப்டர் என்பது, வந்து ஒட்டும் வேதிப்பொருளின் சேதியைச் செல்லுக்காக ஏற்கும் பகுதி; தமிழில் ஏற்பி. 'தசை ஏற்பி' என்று மொழிபெயர்த்த ஒரு வரைவை நானே திருத்தியிருக்கிறேன். மசில் என்ற சொல்லின் வேர் லத்தீனில் சுண்டெலி. தோலுக்கடியில் தசை நெளிவது எலி ஓடுவதுபோல் தெரிந்ததாம். மஸ்கரினின் வேரோ 'முஸ்கா', அதாவது ஈ. சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி தெளித்த ஒரு காளானைப் பிய்த்துப் பாலில் போட்டு ஐரோப்பியர் ஈ கொன்றார்கள். அதன் அறிவியல் பெயர் அமானிட்டா மஸ்கேரியா, ஈக்காளான் எனலாம். 1869இல் ஷ்மீடபெர்க்கும் கோப்பேயும் அதிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சுதான் மஸ்கரின். அதைத் தவளையின் இதயத்தில் இட்டால், சுருங்காமல் தளர்ந்த நிலையிலேயே துடிப்பு நின்றுவிடும். அட்ரோபின் இட்டால் மறுபடி துடிக்கும். இந்த நஞ்சு ஒட்டும் ஏற்பிக்குத்தான் அதன் பெயர் வந்தது; அட்ரோபின் தடுப்பதும் அதையே.

ஆக, தங்கைக்குச் சொல்லின் வேர் தப்பினாலும் கேள்வி தப்பவில்லை. (மருத்துவர் சொன்ன அளவில் விடும் அந்தச் சொட்டு பொதுவாக இதயத்தைத் தொந்தரவு செய்யாது என்பதையும் சொல்லிவிட்டேன்.)

இதயத்தில் இந்த ஏற்பிக்கு வரும் உண்மையான விருந்தாளி, நரம்பு சுரக்கும் தூதுப்பொருளான அசிட்டைல்கோலின். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் நுனியிலிருந்து வருவது. இந்த ஏற்பியில் பல வகை உண்டு; இதயத்தில் பெரும்பாலும் இருப்பது எம்2 வகை. மேலறைகளில் அசிட்டைல்கோலின் இந்த ஏற்பியில் ஒட்டியதும் பொட்டாசியம் வாயில் திறக்கிறது. மின்துடிப்பு சட்டென முடிகிறது. உள்ளே வரும் கால்சியம் குறைகிறது. கால்சியம் குறைந்தால் சுருங்கும் விசையும் குறையும். கீழறைகளில் கதை வேறு. சும்மா இருக்கும்போது அங்கே பெரிய மாற்றம் தெரியாது. அட்ரினலின் முறுக்கிவிட்டிருக்கும் நேரத்தில்தான் எம்2 தன் வேலையைக் காட்டும். அட்ரினலின் செல்லுக்குள் ஏற்றிவிட்ட சைக்ளிக் ஏஎம்பி என்ற உள்தூதுப் பொருளை இறக்கி, அந்த முறுக்கைத் தளர்த்தும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'ஏல்' என்றால் ஏற்றுக்கொள், ஏற்பது ஏற்பி. அழகான சொல், அதை விடக்கூடாது. மஸ்கரின் ஒரு பொருளின் பெயர், அப்படியே இருக்கட்டும். ஆனால் 'இக்' ஆங்கில ஒட்டு, நமக்கு வேண்டாம். மஸ்கரின் ஏற்பி போதும்.

விசையைக் குறிக்கும் இனோட்ரோபிக் என்ற சொல்லில் கிரேக்க 'இனோ' என்பது நார். (மஸ்கரின் மிகுதியாக உள்ள இனோசைபி காளானின் பெயரிலும் இதே நார்தான்! ஈக்காளானில் மஸ்கரின் மிகச் சொற்பம்.) நாரைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்தால் யாருக்கும் புரியாது; 'சுருக்கவிசை' என்றால் உடனே புரியும். விசை குறைவதைச் சொல்லும் நெகட்டிவ் இனோட்ரோபிக் என்பதை 'எதிர்மறை விளைவு' என்று எழுதினால் கெடுதல் என்றே படிப்பவர் எண்ணுவார். காய்ச்சல் தணிந்தது என்கிறோமே, அந்தத் தணிவைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்: சுருக்கவிசைத் தணிப்பு.