‘அது உங்கள் காவல் பகுதி பேசுகிறது’ என்று சொல்வதற்கு முன்

இந்த ஆண்டில் இதே காரணத்துக்காக முந்தைய மனநல சிகிச்சையாளரை விட்டு விலகி என்னிடம் வந்த மூன்றாவது நபர் இவர். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். முந்தைய வாரம் அழுதுகொண்டே சொன்ன ஒரு விஷயத்தைச் சிகிச்சையாளர் அடியோடு மறந்துவிட்டதை இவர் கவனித்திருக்கிறார். பல நாள் யோசித்து, துணிவை வரவழைத்துக்கொண்டு, ‘நீங்கள் மறந்துவிட்டது எனக்கு வலித்தது’ என்று சொல்லியிருக்கிறார். அதற்குக் கிடைத்த பதில்: ‘இப்போது பேசுவது உங்கள் காவல் பகுதி. அதைச் சற்று விலகி நிற்கச் சொல்லுங்கள்.’ அதாவது, பேசுவது அவரல்ல, பழைய காயத்தைக் காத்து நிற்கும் அவர் மனத்தின் ஒரு பகுதி என்று.

மூன்று பேர் சொன்ன கதையிலும் இந்த வாக்கியம் ஏறத்தாழ இப்படியே இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

மனத்தைப் பல பகுதிகளாகப் பார்க்கும் அகக் குடும்ப அமைப்பு முறை (Internal Family Systems) பலருக்கும் இப்போது தெரிந்ததுதான். காயங்களைச் சுமந்து ஒதுங்கிக் கிடக்கும் பகுதிகள், அவை வெளியே வராமல் காவல் காக்கும் பகுதிகள், இவற்றுக்கு அப்பால் சேதமடையாத தன்னிலை. அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் 1980களில் இதை உருவாக்கினார். எனக்கும் மிகப் பிடித்த முறை. என் ஆதங்கம் இந்த முறையின் மீதல்ல. இதன் சொற்களைத் தனக்குக் கேடயமாகப் பிடித்துக்கொள்ளும் சிகிச்சையாளர் மீது.

நாடி வருபவருக்குப் பகுதிகள் உண்டென்றால் எதிர்நாற்காலியில் இருப்பவருக்கும் உண்டு. இதை மறுப்பவர் யாருமில்லை. ஆனால், ‘நான் அமைதியாக இருக்கிறேன், எனவே தன்னிலையில் இருக்கிறேன்’ என்ற நம்பிக்கை பயிற்சி பெற்றவர்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இது தவறு. மெல்லிய குரலும் கனிந்த பார்வையும் நிதானமான தலையசைப்பும் பழகினால் எவருக்கும் வரும். தன்னிலையைப் போலவே நடந்துகொள்ளும் காவல் பகுதி ஒன்று நமக்குள் உருவாகிவிடும். அது நல்லவர் போலப் பேசும், பொறுமை போலக் காத்திருக்கும். ஆனால் அதற்கென்று ஒரு தேவை இருக்கும்: இவர் இன்றே மாற வேண்டும், இவருக்கு என்னைப் பிடிக்க வேண்டும், என் மீது குற்றம் வரக்கூடாது. தன்னிலைக்கு அப்படி எந்த அவசரமும் கிடையாது. எதிரில் இருப்பவர் கோபப்பட்டாலும், அவருக்குள் என்ன நடக்கிறது என்று அறியும் ஆர்வம் அதில் மிச்சமிருக்கும். ஆர்வம் வற்றியபின் எஞ்சும் அமைதி, நம்மைக் காத்துக்கொள்ளும் அமைதிதான்.

நாடி வருபவர்கள் இதை நொடியில் கண்டுகொள்வார்கள். சிறுவயதிலிருந்தே பெரியவர்களின் முகத்தைப் படித்துப் பிழைத்தவர்கள் பலர் அவர்களில் இருக்கிறார்கள். நம் நடிப்பு அவர்களிடம் செல்லாது.

சிகிச்சையாளரின் உணர்வுகளும் சிகிச்சைக்குள் வந்துவிடுகின்றன என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட் 1910இலேயே எழுதியிருக்கிறார். ஆனால் அதைக் கடக்க வேண்டிய இடையூறாகவே பார்த்தார். 1950இல் உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமன், அதே உணர்வு எதிரில் இருப்பவரைப் புரிந்துகொள்ளும் கருவியாகவும் ஆகும் என்றார். இரண்டிலும் உண்மை உண்டு. எப்படிப் பார்த்தாலும், முதலில் அந்த உணர்வு நம்முடையது என்று நாம் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

ஷ்வார்ட்ஸ் தம் தொடக்க கால அனுபவம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒரு பெண்ணின் அந்தப் பகுதியை, இனி செய்யமாட்டேன் என்று ஒப்புக்கொள்ளும்வரை நெருக்கினார். அடுத்த முறை அந்தப் பெண் முகத்தில் காயத்துடன் வந்தார். ‘உன்னை என்னால் வெல்ல முடியாது’ என்று ஷ்வார்ட்ஸ் கைவிட்ட பிறகுதான் அந்தப் பகுதி பேசத் தொடங்கியது. முறையை உருவாக்கியவருக்கே, முதலில் விலகி நிற்க வேண்டியிருந்தது தமக்குள் இருந்த கட்டுப்படுத்தும் பகுதிதான்.

எனக்குள் ஒரு மீட்பர் இருக்கிறார். அமர்வு முடியும் நேரத்தில் ‘இன்னும் பத்து நிமிடம்’ என்று தோன்றினால் அவர் வந்துவிட்டார் என்று பொருள். உடல் முன்னால் சாயும், பேச்சு வேகமெடுக்கும், விளக்கங்கள் பெருகும். அப்போது கால்களைத் தரையில் அழுத்தி, நாம் மற்றவரிடம் ஓயாமல் கேட்கும் கேள்வியை என்னிடம் கேட்டுக்கொள்வேன்: எதிரில் இருக்கும் இவரிடம் எனக்கு இப்போது என்ன தோன்றுகிறது? பதில் இரக்கமோ ஆர்வமோ இல்லையென்றால், வாயைத் திறக்கும் முன் எனக்குள் வேலை இருக்கிறது.

சக சிகிச்சையாளர்களே, உங்கள் மீது புகார் வந்தால் முதலில் அது உண்மையா என்று பாருங்கள். மறந்தீர்கள் என்றால் ‘மறந்துவிட்டேன், மன்னியுங்கள்’ என்று சொல்லுங்கள். அந்த வாக்கியத்தின் வாலில் ‘ஆனால்’ சேர்க்காதீர்கள். எந்தப் பகுதிக்கு வலித்தது என்ற கேள்வி அதன் பிறகு வரலாம், அவர் விரும்பினால். அதற்காக உங்கள் பகுதிகளின் கதையை முழுதாக விரித்து, அவரை உங்களுக்கு ஆறுதல் சொல்ல வைத்துவிடாதீர்கள். அது மேற்பார்வையாளரிடம், அதாவது நம் வேலையைக் கேட்டு வழிகாட்டும் அனுபவமுள்ள சிகிச்சையாளரிடம், கொண்டுபோக வேண்டியது. சான்றிதழ் வாங்கியதும் மேற்பார்வையை நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. காவல் பகுதியின் அனுமதியில்லாமல் காயத்தைத் தோண்டுவது இப்படிப்பட்டவர்களிடம்தான் அதிகம் பார்க்கிறேன்.

சிகிச்சைக்குச் செல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கோபத்துக்குள் ஒரு காவல் பகுதி இருக்கலாம். அது சொல்வதும் சரியாக இருக்கலாம். இரண்டும் ஒருசேர உண்மையாகும். வலித்ததை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நேரில் வாய் வரவில்லை என்றால் எழுதி எடுத்துச் சென்று வாசியுங்கள். கேட்டு, பொறுப்பேற்று, அதன் பின் உங்களோடு சேர்ந்து ஆராய்கிறவரிடம் தாராளமாகத் தொடருங்கள். ஒவ்வொரு முறையும் பேச்சு உங்கள் குறையிலேயே வந்து முடிகிறது என்றால் வேறு சிகிச்சையாளரைத் தேடுங்கள். புதியவரிடம் முதல் அமர்விலேயே, ஏன் விலகி வந்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.