கொழுத்த நாயும் கோடை வெயிலும்

அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் மூச்சிரைக்க இரைக்க கிளினிக்குக்கு வரும் நாய்களை எடை பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். வளர்ந்த ஆண் லேப்ரடார் பொதுவாக 29 முதல் 36 கிலோ இருக்க வேண்டும். வந்து நிற்பதோ 45 கிலோ. "நன்றாகப் புஷ்டியாக இருக்கிறான், இல்லையா டாக்டர்?" என்று பூரிப்போடு வேறு கேட்பார்கள்.

நாய்க்கு நம்மைப்போல் உடலெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில் சிறிது வியர்க்கும், அவ்வளவுதான். வாயைத் திறந்து இரைத்து, நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டைத் தணித்தாக வேண்டும். தோலுக்கடியில் கொழுப்பு படிந்தால் உள்ளே இருக்கும் சூடு எளிதில் வெளியேறாது. கழுத்திலும் மார்பிலும் சேர்ந்த கொழுப்பு மூச்சையே நெருக்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி என்பதால், எவ்வளவு இரைத்தாலும் உடல் குளிர்வது மந்தமாகவே இருக்கும். பக், ஷீ ட்சூ போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுவிடுவதே பாடு; அவற்றைக் குண்டாக்கிவிட்டு ஏசியை மட்டும் நம்புவது, மின்வெட்டு வரும் வரைதான் செல்லும்.

"அளவாகத்தான் போடுகிறோம்" என்பார்கள். தட்டில் விழுவது அளவுதான். அப்பா டீ குடிக்கும்போது கொடுக்கும் இரண்டு பிஸ்கட், பாட்டி ஊட்டும் கடைசித் தயிர்சாதக் கவளம், பிள்ளைகள் மேசைக்கடியில் நீட்டும் கோழித்தோல் ஆகியவை யார் கணக்கிலும் வருவதில்லை. நான் சொல்லும் வழி எளியது: அன்றைய தீனி முழுவதையும் காலையிலேயே ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்தே கொடுக்க வேண்டும்; டப்பா காலியானால் அன்றைக்கு முடிந்தது. கருத்தடை செய்த நாய்க்கு இன்னும் குறைவாகவே போதும். லேப்ரடாரின் கெஞ்சும் கண்களுக்கு மசிய வேண்டாம். லேப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியைத் தூண்டும் மரபணு மாற்றம் இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

எடை சரியா என்று பார்க்க, உள்ளங்கையால் லேசாகத் தடவும்போது விலா எலும்புகள் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நம் நாட்டு வேட்டைநாய் இனங்களுக்கு விலா கண்ணுக்கே தெரியும். அது அவற்றின் உடல்வாகு, பாவம் பார்த்துத் தேற்றிவிடாதீர்கள். பூனை குண்டாகிவிட்டால் பட்டினி மட்டும் போடவே கூடாது. சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

நடைப்பயிற்சி விடியற்காலையில்தான். மாலையில் வெயில் தாழ்ந்தாலும் தார்ச்சாலை சூடாகவே இருக்கும். புறங்கையை ஏழு விநாடி தரையில் வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

நாயின் இயல்பான வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். வெயிலில் இருந்துவிட்டு வந்து, 105ஐத் தாண்டி, எச்சில் கெட்டியாக ஒழுகி, ஈறு செக்கச்செவேலெனச் சிவந்து, நடை தள்ளாடினால் அது வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). இந்த நிலையில் பலர் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இது காய்ச்சல் அல்ல. மாத்திரையால் இந்தச் சூடு இறங்காது, நாய்க்குக் கெடுதலும் செய்யலாம். பூனைக்கோ பாராசிட்டமால் விஷம்.

செய்ய வேண்டியது நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி, நேராக மின்விசிறியை வைப்பது. மே மாத நண்பகலில் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். குளியலறை வாளியில் பிடித்துவைத்த நீரை எடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்திவிட வேண்டாம், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். முதலில் நாயை நனைத்துவிடுங்கள், பிறகு வண்டியில் ஏற்றுங்கள். வழியிலும் ஜன்னல் திறந்திருக்கட்டும். 103க்கு இறங்கியதும் நீர் ஊற்றுவதை நிறுத்திவிடலாம்.

நாய் எழுந்து வாலாட்டிவிட்டால் பலர் கிளினிக்குக்கு வருவதில்லை. அழைத்துவாருங்கள். சிறுநீரகம் பழுதாவதும் இரத்தம் உறையாமல் போவதும் அடுத்த ஓரிரு நாட்களில்தான் வெளியே தெரியும். இரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே பிடிபட்டால் மருத்துவம் பார்க்க நேரம் இருக்கும்.